சாரல் மேடை



ஆனி மாதம் பிறந்துவிட்டால், மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் முதலிய ஊர்களிலுள்ள நம் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா?" என்பதே அக்கேள்வி. விழுகிறது என்ற விடை வந்துவிட்டால் போதும். வாடகை வீடு பேசி முடிக்க ஒருவர் முன்னதாகப் புறப்பட்டுவிடுவார். பெண்மணிகள் அரிசி, மசாலாத்தூள், எண்ணெய்ப் பாட்டில் முதற்கொண்டு கட்டத் தொடங்குவர். நல்லெண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வருவோருக்கு எடுக்கும் பசியை வீட்டுச் சமையல்தான் தீர்க்கும் என்பது நம் தாய்மார்களின் முடிவு. செங்கோட்டைச் சாலையிலுள்ள பரோட்டாக் கடைகள் இம்முடிவை ஆண்டுதோறும் அசைத்துப் பார்க்கின்றன என்பது வேறு செய்தி.

குளிப்பதற்கும் உண்பதற்கும் குற்றாலம் சென்று வந்தோர் நம்மில் ஏராளம். ஆயின், அச்சிற்றூர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்க் கலையின் ஓர் அரங்கமாக விளங்கி வருவதையும், அவ்வரங்கில் நமக்கும் ஒரு பழைய பங்கு உண்டு என்பதையும் அறிந்து சென்று வந்தோர் எத்தனை பேர்? அப்பங்கைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் அவ்வூரின் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழை மேகங்களை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. பெருமழை மலைக்கு அப்பால் மலையாளத்து மண்ணிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயருகே, மலைச்சுவர் சற்றே தாழ்ந்திருக்கிறது. எஞ்சிய ஈரமும் காற்றும் அவ்வழியே நுழைந்து தென்காசிச் சமவெளியில் இறங்குகின்றன. அதுவே சாரல். குடை பிடித்தால் பறிக்கும். பிடிக்காவிட்டால் நனைக்காதது போல் நனைக்கும். பாளையங்கோட்டையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் போர்வை தேட வைக்கும் இந்த விந்தையை இறைவன் ஒரு மலை இடுக்கின் வழியே நிகழ்த்துகிறான்.

இப்பருவத்தைத்தான் நம் மக்கள் 'சீசன்' என்கின்றனர். சென்னையிலும் மார்கழியில் ஒரு சீசன் உண்டு. அது சபாக்கள் கூடித் தீர்மானிக்கும் இசைச் சீசன். குற்றாலத்துச் சீசனை எந்தச் சபாவும் தீர்மானிக்க இயலாது. மழை வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் மேடையில் விளக்கெரியும். மழை பொய்த்தால் அழைப்பிதழ் அச்சடித்தும் பயனில்லை. மழையை நம்பி உழவன் விதைப்பான் என்பது தெரிந்ததே. மழையை நம்பிக் கரகம் தூக்குவோரும் நாதசுரம் ஊதுவோரும் இருக்கின்றனர் என்பதைக் குற்றாலத்தில்தான் காண்கிறோம்.

தென்காசியின் கலை வரலாறு பாண்டியரோடு தொடங்குகிறது. மதுரையை இழந்த பாண்டிய மரபினர் தெற்கே ஒதுங்கியபோது தென்காசி அவர்களின் தலைநகராயிற்று. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் அங்கே பெருங்கோயிலை எழுப்பினான். சிதைந்து நின்ற அதன் இராசகோபுரம் மீண்டும் கட்டப்பெற்று 1990ஆம் ஆண்டு நிறைவெய்தியதை நம்மிற் பலர் கண்ணாரக் கண்டிருப்போம். 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட அதிவீரராம பாண்டியன் மன்னன் மட்டுமல்லன், புலவனுமாவான். நைடதம் அவன் பாடியது. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் வெற்றிவேற்கையும் அவனுடையதே. ஆட்சிப் பரப்பு சுருங்கச் சுருங்க அவ்வரசர்களின் தமிழ் விரிந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இம்மண்ணில்தான் 17ஆம் நூற்றாண்டின் மெய்ஞ்ஞானி பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்கள் பிறந்தார்கள் என்பது வழிவழி வரும் செய்தி. தென்காசியில் பிறந்து, நெசவுத் தொழில் செய்து, பின்னர் குமரி மாவட்டத்துத் தக்கலையில் வாழ்ந்து அங்கேயே அடங்கியிருக்கிறார்கள். மலைமீது அவர்கள் தவமியற்றிய இடமே இன்றைய கேரளத்துப் பீர்மேடு என்றும் கூறுவர். ஞானப்புகழ்ச்சி, ஞானப்பால், ஞானப்பூட்டு, மஃரிபத்து மாலை எனப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை அவர்கள் பாடியதாக மரபு.

அவற்றுள் இரண்டின் பெயர்களை மட்டும் நம் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஒன்று பிஸ்மில் குறம்; மற்றொன்று ஞானரத்தினக் குறவஞ்சி.

குறவஞ்சி என்றதும் தமிழறிந்தோர் நினைவுக்கு வருவது குற்றாலக் குறவஞ்சியே. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றியது அது. இறைவன் உலா வருகிறார். வசந்தவல்லி என்னும் நங்கை அவர்மீது காதல் கொள்கிறாள். மலைக்குறத்தி வந்து தன் மலைவளம் பாடி, கை பார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். அவளைத் தேடி அவள் கணவனான சிங்கன், பறவை பிடிக்கும் வலையோடு அலைகிறான். கதை இவ்வளவே. ஆயினும் அதிற் பொங்கும் அருவியும் குரங்கும் தேனும் மலைச்சரிவும் குற்றாலத்தை ஒருமுறை கண்டவர்க்கு மறுமுறை காட்டுவன. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் இந்நூலுக்காகப் புலவருக்கு நிலம் அளித்தார். அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. ஒரு நூலின் பெயரை வயல் தாங்கி நிற்பது எந்த விருதினும் பெரிதல்லவா?

இதே குறவஞ்சியை 1944ஆம் ஆண்டு சென்னையில் ருக்மணிதேவி அவர்கள் கலாட்சேத்திரத்தின் முதல் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார்கள். சாரலில் பிறந்த நூல் மார்கழிச் சபைகளின் பொருளாக மாறியது அப்போதுதான்.

இனி நம் பீரப்பாவின் குறவஞ்சிக்கு வருவோம். காலத்தால் கவிராயருக்கு முந்தியது அது. அதிலும் சிங்கன் உண்டு, சிங்கி உண்டு. ஆனால் அங்கே வலையும் பறவையும் வெறும் வலையும் பறவையுமல்ல. சிங்கன் வினவுகிறான், சிங்கி விடை பகர்கிறாள். படைப்பின் தொடக்கம், மனிதனின் உள்ளம், இறையொளி என்று வினாக்கள் ஏறிச் செல்கின்றன. சீடன் கேட்க ஞானாசிரியர் விளக்கும் முறையை, தினைப்புனத்துக் குறவன் குறத்தியின் வாயில் வைத்துவிட்டார்கள் அப்பா அவர்கள். இங்கே விடையளிப்பவள் பெண் என்பதையும் நம் சகோதரிகள் கவனிக்க வேண்டும். மேடைக் கூத்தைப் பார்த்துப் பழகிய எளிய மக்களுக்கு, அவர்கள் அறிந்த வேடத்திலேயே அறியாத பொருளைச் சொல்லும் உத்தி இது. வினா விடையாய் நூல் செய்யும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறிய ஆயிரம் மசலா அவ்வகையினதே. ஆனால் மசலாவைக் கூத்தின் உடையில் நடக்க விட்டவர் தென்காசியில் பிறந்த நெசவாளர்.

ஆக, ஒரே மலையடிவாரம், ஒரே சாரல், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் இரண்டு குறவஞ்சிகளைத் தந்திருக்கிறது. ஒன்று வயலாகவும் நாட்டியமாகவும் பாடநூலாகவும் வாழ்கிறது. மற்றொன்று?

தக்கலையில் ஞானப்புகழ்ச்சி வாழ்கிறது. ஆண்டுதோறும் ரஜப் மாதம் பிறை 14 அன்று இரவில் அங்கே கூடி, விடிய விடிய அதைப் பாடி வருகின்றனர். தலைமுறை தலைமுறையாய்க் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். மாற்றுச் சமயச் சகோதரர்களும் வந்தமர்ந்து கேட்கின்றனர். பாட ஒரு நாளும் பாடுவதற்கு ஒரு கூட்டமும் இருந்தமையால் அந்நூல் பிழைத்தது. குறவஞ்சிக்கு அப்படியொரு நாள் வாய்க்கவில்லை. நூலகத் தட்டில் கிடப்பதும் நூலுக்கு ஒரு வாழ்வுதான். ஆனால் கூத்தாகப் பாடியதை ஏட்டில் மட்டும் படிப்பது, அருவியைப் படத்தில் பார்ப்பது போலாகும்.

குற்றாலத்துக்கு இன்னொரு அரங்கும் உண்டு. அது ஒரு வீட்டுக் கூடம். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் அவர்கள் வழக்கறிஞராயும் சட்டமேலவை உறுப்பினராயும் அறநிலையத் துறை ஆணையராயும் பணியாற்றியபின் குற்றாலத்திலே வந்து தங்கினார்கள். முன்னர் நெல்லையில் அவர்கள் இல்லத்தில் கூடிய இலக்கிய நண்பர் குழுவுக்கு வட்டத்தொட்டி என்று பெயர். குற்றாலத்திலும் அது தொடர்ந்தது. இராஜாஜி வந்தார், கல்கி வந்தார். வந்தவர்க்கெல்லாம் அருவிக் குளியல், வயிறார விருந்து, பிறகு ஒரு கவிதை. ஒரே கவிதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் தாளம் கேட்போர் உடம்பில் ஏறும்வரை விடமாட்டார்களாம். 1954 பிப்ரவரி 16 அன்று அவர்கள் குற்றாலத்திலேயே காலமானார்கள்.

கம்பன் பாடல்களில் தமக்குக் கவியாகத் தோன்றாதவற்றை இடைச்செருகல் என்று தள்ளியதும், சொற்களைத் திருத்தியதும் டி.கே.சி. மீது அன்று எழுந்த குற்றச்சாட்டுகள். அக்குற்றச்சாட்டில் நியாயம் உண்டு என்றே நானும் கருதுகிறேன். நம் சுவைக்கு ஒத்ததே மூலம் என்று சொல்லத் தொடங்கினால் எந்த நூல்தான் தப்பும்? எனினும், புலவர்களின் உரைகளுக்குள் அடைபட்டிருந்த கவிதையைக் காதால் கேட்கும் பொருளாக்கித் தந்தவர் அவர். கம்பனைக் கேட்டு உருகும் அச்சுவை சமய வேலிகளையும் கடந்தது. சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராய் விளங்கியவர் நாகூர் தந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்கள் அல்லவா?

அந்த மரபின் நீட்சியாகவே, 1980களின் பிற்பகுதியிலும் பின்னரும் கவிஞர் கலாப்ரியா குற்றாலத்தில் கூட்டிய கவிதைப் பட்டறைகளையும் கொள்ளலாம். புதுக்கவிஞர்கள் பகலெல்லாம் விவாதித்துவிட்டு அருவியில் போய் நின்றனர். விவாதச் சூட்டைத் தணிக்க அதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறெங்கும் கிடையாது.

நாடக மேடைக்கும் இவ்வட்டாரம் கொடை தந்திருக்கிறது. 1906இல் செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரல், ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டியது. 1933இல், இருபத்தேழே வயதில் அவர் மறைந்தார். அன்று செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் அது தமிழகத்தோடு இணைந்தது.

இப்போது அரசின் மேடைக்கு வருவோம். குற்றாலத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பெயர் தாங்கிய கலையரங்கம் ஒன்று உள்ளது. வில்லுப்பாட்டைச் சிரிப்பும் சிந்தனையுமாக நகரத்துக்குக் கொண்டுவந்த நாஞ்சில் நாட்டுக் கலைஞரின் பெயரை அதற்கு வைத்தது பொருத்தமே. ஆடி, ஆவணியை ஒட்டிச் சாரல் விழா பெரும்பாலும் அவ்வரங்கிலேயே நடைபெற்று வருகிறது. சுற்றுலாத் துறை, கலை பண்பாட்டுத் துறை, மாவட்ட நிருவாகம், பேரூராட்சி யாவும் கூடி நடத்துவது அது.

அங்கே நடப்பவற்றைப் பட்டியலிட்டால் நம் வாசகர்கள் சிரிப்பார்கள். ஒருபுறம் பரதமும் கரகாட்டமும் ஒயிலாட்டமும் கிராமியப் பாடலும். மறுபுறம் கொழுகொழு குழந்தைப் போட்டி, கோலப்போட்டி, சமையற்போட்டி, ஆணழகன் போட்டி, நாய்க் கண்காட்சி! வெண்ணமடைக் குளத்தில் படகுப்போட்டி. ஐந்தருவிப் பூங்காவில் மலர்க்காட்சி. இதென்ன கதம்பம் என்று முகம் சுளிக்கும் கலைவிமர்சகர்கள் உளர். நான் அவர்கள் கட்சியன்று. ஈரத் தலையோடு, தோளில் துண்டோடு, கையில் சூடான மிளகாய் பஜ்ஜியோடு வந்தமரும் குடும்பத்துக்கான மேடை அது. நுழைவுச் சீட்டு வாங்கி, மௌனமாய் அமர்ந்து, தொடையில் தாளம் போட்டுக் கேட்பவர்களுக்காக அமைந்ததன்று. குழந்தைப் போட்டிக்காக வந்த தாய், அடுத்து நடக்கும் தோற்பாவைக் கூத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போகிறாள். வேறெந்த வழியில் அவளை அக்கூத்தின் முன் அமர்த்த முடியும்?

இந்த மேடையின் அண்மைக் காலம் அமைதியாகக் கழியவில்லை. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. நெல்லைக்கு ஓடாமல் இனித் தம் ஊரிலேயே எல்லாம் நடக்கும் என்று கலைஞர்கள் மகிழ்ந்திருந்த வேளையில் கொரோனா வந்தது. 2020, 2021 ஆகிய ஈராண்டுச் சீசனிலும் அருவிகளில் குளிக்கத் தடை. தண்ணீர் கொட்டிற்று, நிற்க ஆளில்லை. எண்ணெய் தேய்த்துவிடுவோர், பழக்கடைக்காரர், வாடகை வீட்டுக்காரர் ஆகியோர் பட்ட பாட்டை நாளேடுகள் எழுதின. ஒப்பனைப் பெட்டியைத் திறவாமல் ஈராண்டு வைத்திருந்த கூத்துக் கலைஞரின் பாட்டை அவ்வளவாக எவரும் எழுதவில்லை. 2022 ஆகஸ்டில் விழா மீண்டும் நடந்தபோது, தென்காசி மாவட்டத்தின் விழாவாக அது நடந்தது.

பிறகு 2024 மே 17. சீசன் தொடங்குமுன்னரே பெய்த மழையில், பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளை. அதன்பின் தடைகளும் கண்காணிப்பும் கடுமையாயின. குடும்பத்தோடு செல்லும் நம் சகோதரர்கள் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்: அருவியடியில் வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலைக்காட்டில் மழை கொட்டலாம். தெளிந்த நீர் கலங்கி வந்தாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, அருவியின் ஓசை திடீரெனப் பெருத்தாலோ ஒரு நொடியும் தாமதியாமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். காவலர் ஊதும் ஊதல் நம் குளியலைக் கெடுக்க ஊதப்படுவதன்று. பேரருவியில் பெண்களுக்குத் தனியிடம் உண்டு. கூட்டம் மிகுந்த ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர்த்து வாரநாட்களில் சென்றால் நம் பெண்மணிகள் நெருக்கடியின்றிக் குளித்து வரலாம்.

மேடைக்குத் திரும்புவோம். அவ்விழாவில் நான் அமர்ந்து பார்த்த மாலைகளில் கரகம் கண்டேன், காவடி கண்டேன், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த செண்டை மேளமும் கேட்டேன். தாயிரா கேட்டதில்லை.

தாயிரா என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாதிருக்கலாம். வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய ஒருமுகப் பறை அது. தலைப்பாகையும் மணிமாலையும் தோட்பையுமாகத் தெருவில் வரும் பக்கீர்சாக்கள் அதனைத் தட்டிக்கொண்டு பாடுவர். ரமளான் இரவுகளில் சஹர் நேரத்தில் நம்மை எழுப்பியது கடிகாரமன்று, அத்தாயிரா ஒலியே. நபிமார்கள் வரலாறு, வலிமார்கள் சரிதம், பீரப்பா பாடல், குணங்குடியார் பாடல் என எழுத்தறியாத பாட்டிமார்களுக்கெல்லாம் இலக்கியம் சேர்ந்தது அவர்கள் தொண்டை வழியாகத்தான். கிஸ்ஸா, நாமா, மசலா, படைப்போர், முனாஜாத்து என்று இஸ்லாமியத் தமிழ் தனக்கே உரியனவாய் வளர்த்த இலக்கிய வகைகள் பலவும் வாய்விட்டுப் பாடக் கேட்கவே பிறந்தவை. 19ஆம் நூற்றாண்டில் நம் புலவர்கள் அப்பாஸ் நாடகம், அலிபாதுஷா நாடகம் என நாடகங்களும் எழுதியிருக்கின்றனர். இன்று அந்தப் பக்கீர்சாக்களின் பிள்ளைகளில் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். மற்றவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். அவர்களைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை. தெருவில் பாடி வரும் தட்சிணையில் எந்தப் பிள்ளையைப் படிக்க வைக்க முடியும்?

தர்கா நடைமுறைகள் குறித்தும் இசை குறித்தும் நம்மிடையே கருத்து வேற்றுமை உண்டு என்பதை அறியாதவன் அல்லன். அவ்விவாதம் உலமாக்களுக்குரியது, இங்கே அதனை எழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் கந்தூரியே கூடாது என்பாரும் பீரப்பாவின் தமிழைத் தமிழன்று எனச் சொல்லார். ஒரு பாடலைப் பாதுகாப்பதற்கும் ஒரு சடங்கைப் பாதுகாப்பதற்கும் வேறுபாடு உண்டு. இவ்விரண்டையும் ஒரே கட்டாய்க் கட்டிப் பரண்மேல் போட்டதால், மூன்று நூற்றாண்டுச் சொத்து கரையான் வாயில் கிடக்கிறது.

அரங்கத்தாரைக் குறை சொல்லவும் நான் முன்வரவில்லை. கேட்காமல் எவரும் மேடை தரமாட்டார். உள்ளூர்ப் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு அவ்விழாவில் இடமுண்டு. பாளையங்கோட்டையில் 1971 முதல் நடந்துவரும் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி போன்ற நம் நிறுவனங்களின் தமிழ்த்துறை மாணவர் ஐந்தாறு பேர் முயன்றால், ஞானரத்தினக் குறவஞ்சியின் ஒரு பகுதியை அரை மணி நேர நிகழ்ச்சியாகப் பயின்றுவிடலாம். சிங்கனாக ஒருவர், சிங்கியின் விடைகளைச் சொல்ல ஒருவர், பின்பாட்டுக்கு இருவர், தாயிராவுக்கு வயது முதிர்ந்த ஒரு பக்கீர்சா. ஆடை அலங்காரமோ ஆட்டமோ வேண்டியதில்லை. தக்கலையில் ஞானப்புகழ்ச்சி அமர்ந்து பாடப்படும் முறையே இதற்கும் போதும். அதே மாலையில் குற்றாலக் குறவஞ்சியின் மலைவளப் பகுதியை மற்றொரு கல்லூரி மாணவியர் ஆடினால், மேலகரத்துக் கவிராயரும் தென்காசி நெசவாளரும் ஒரே மேடையில் சந்தித்தவர்களாவர். பார்ப்பவர்க்கு விளக்கவுரையும் தேவைப்படாது.

இதற்கு நல்ல முன்மாதிரியும் அருகிலேயே இருக்கிறது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் கடையத்தை ஒட்டியது பொட்டல்புதூர். முஹ்யித்தீன் ஆண்டவர் பெயரால் அமைந்த அங்குள்ள தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருவர். கட்டடத்தைப் பார்த்தால் கற்றூணும் மண்டபமுமாய்ப் பாண்டி நாட்டுச் சிற்பியின் கைவண்ணம் தெரியும். கடையத்தில் மனைவியின் ஊரில் வாழ்ந்திருந்த மகாகவி பாரதியார், 1920ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்பொட்டல்புதூருக்கு வந்து இஸ்லாம் மார்க்கத்தின் மகிமை பற்றி நம்மவர்முன் உரையாற்றினார். ஜூன் மாதம் என்றால் சாரல் பருவம்தான். புதுச்சேரியிலிருந்து திரும்பி, வறுமையிலும் தனிமையிலும் உழன்றிருந்த அக்கவிஞருக்கு ஒரு மேடை தேவைப்பட்டது. நம் முன்னோர் அதனை அளித்தனர். மேடை கொடுப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பொட்டல்புதூர்க் கந்தூரி ரபீயுல் ஆகிர் பிறை 11ஐ ஒட்டி நடப்பது. பக்கீர்சாக்கள் பல ஊர்களிலிருந்தும் தாயிராவோடு வந்து கூடும் நாள் அது. நம் பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து வருவதை அறிவோம். 2025இல் அக்டோபர் தொடக்கத்தில் வந்த அந்நாள், 2026இல் செப்டம்பர் நான்காம் வாரத்தை ஒட்டியும், 2028இல் ஆகஸ்டு முடிவை ஒட்டியும் வரும். 2029இல் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தையும், 2030இல் ஆகஸ்டு இரண்டாம் வாரத்தையும் ஒட்டி அமையும். இன்ஷா அல்லாஹ், அவ்வாண்டுகளில் குற்றாலத்தில் சாரலும் இருக்கும். பொட்டல்புதூரில் தாயிராவும் இருக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் பயிற்சிக்கு வேண்டிய அவகாசமும் இருக்கிறது. பொட்டல்புதூரிலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.